முதல் கேமிங் பிசி: பாகம் வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ரெடிமேடாக வாங்காமல், பாகம் பாகமாகப் பொறுக்கி கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைக் குறைத்து, எதைப் பார்த்து வாங்குவது என்பதையே அதிகம் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடைக்காரர் தரும் கொட்டேஷனில் எந்தப் பாகத்துக்கு முழு மாடல் பெயர் இல்லையோ, அங்கேதான் உங்கள் காசு போகிறது.

எதிலிருந்து தொடங்குவது? ப்ராசசரா, கிராபிக்ஸ் கார்டா?

இரண்டும் இல்லை, மானிட்டரிலிருந்து. எந்த கேம், எந்தத் திரையில் என்று தெரிந்தால்தான் மற்றது எல்லாம் முடிவாகும். 1920×1080 (1080பி) திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440-ல் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். அத்தனையையும் நொடிக்கு 60 தடவையோ 144 தடவையோ வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. "வீட்டில் 4கே டிவி இருக்கிறதே, அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்து 1080பி-க்கு ஏற்ற கார்டை வாங்குபவர்கள் நிறையப் பேர். கார்டு திணறும், பழி கடைக்காரர் மேல் விழும்.

வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி கேம்கள் ப்ராசசரை அதிகம் கேட்பவை. சைபர்பங்க் 2077 மாதிரி கதை கேம்கள் கார்டைப் பிழிபவை. நண்பர்களோடு வேலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்பவருக்குப் பெரிய கார்டு தண்டச் செலவு. அந்தப் பணத்தை 144 ஹெர்ட்ஸோ (நொடிக்கு 144 படம்) அதற்கு மேலோ உள்ள ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) மானிட்டரில் போடலாம். முதல் பிசிக்கு 1080பி தாராளமாகப் போதும்.

"ஐ7, 16 ஜிபி ரேம், கேமிங் பிசி, வெறும் 15,000 ரூபாய்" என்று வீடியோ போடுகிறார்களே?

ஐ7-க்குப் பின்னால் என்ன எண் என்று கேளுங்கள். பெரும்பாலும் 2600 அல்லது 3770 (இரண்டாம், மூன்றாம் தலைமுறை) என்று பதில் வரும். ஐ7-2600 வந்தது 2011 ஜனவரியில். ஏதோ ஒரு அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மெஷின் அது. 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100எஃப்-க்கும் அதே நான்கு கோர் (கணக்குப் போடும் மூளை), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஆனால் வேகத்தில் ஐ7-2600 அதன் பக்கத்தில்கூட வராது.

வேகத்தை விடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிப்பது, இன்டெல்லைப் பொறுத்தவரை, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பார்கள், ஏற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி) இரண்டும் கட்டாயம். கேமிங் பிசி என்று வாங்கிவிட்டு வேலரன்ட் திறக்கவில்லை என்று நிற்க வேண்டியதுதான்.

அந்த வீடியோக்களில் வரும் "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" பல சமயம் ஜிடி 730 என்ற பழைய, மெதுவான கார்டு. ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு, வேகம் அல்ல. படிப்புக்கும் பில் போடுவதற்கும் அந்த மெஷின் நல்லதுதான், கேமிங் என்ற பெயர்தான் அதற்குப் பொருந்தாது.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாவற்றையும் தனியே வையுங்கள். கேபினெட்டுக்குள் போகும் பணத்தில் 35 முதல் 45 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்கு, 20 சதவீதத்தை ஒட்டி ப்ராசசருக்கு என்பது என் கணக்கு. மீதியில் மதர்போர்டு (சுருக்கமாக போர்டு), ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்டு பிரித்துத் தரும் பவர் சப்ளை), கேபினெட். பணம் இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது விளக்குகளை: ஆர்ஜிபி ஃபேன், கண்ணாடி மீன் தொட்டி மாதிரி கேபினெட், ஸ்கிரீன் வைத்த கூலர். கடைசி வரை வெட்டக்கூடாதது எஸ்எம்பிஎஸ்.

இன்டெல்லா, ஏஎம்டியா?

இன்றைக்குப் புதிதாக முதல் பிசி போடுபவருக்கு நான் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டைத்தான் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) சொல்வேன். ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர் ப்ராசசர் 1080பி-க்குப் போதும், பெட்டியிலேயே கூலரும் வரும். காரணம் இன்றைய வேகம் மட்டும் அல்ல. 2022-ல் வந்த இந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்து போர்டை மாற்றாமல் ப்ராசசரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. அப்போது எக்ஸ்3டி என்று முடியும் ஒன்றைத் தேடுங்கள். 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) இருக்கிறது. கேம்களுக்கு அது கொடுக்கும் பலன் கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் வராது.

பட்ஜெட் இறுக்கம் என்றால் ஏஎம்4-ல் ரைசன் 5 5600, அல்லது இன்டெல் ஐ5-12400எஃப். இரண்டும் டிடிஆர்4 (முந்தைய தலைமுறை) ரேமோடு ஓடும். பழைய ரேம் கையில் இருப்பவருக்கு இது பெரிய மிச்சம். இரண்டுமே முடிந்து போன சாக்கெட்டுகள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் டிஸ்ப்ளே இல்லை. கார்டு இல்லாமல் திரை வராது. ரைசன் 5 5600-ம் 7500எஃப்-ம் அப்படியே. 7600-ல் சின்னதாக ஒரு டிஸ்ப்ளே உண்டு. கேம் ஆட அல்ல, ஆனால் கார்டு சர்வீசுக்குப் போன நாட்களில் அதன் அருமை தெரியும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9-களை செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். அதிக வோல்டேஜால் அவை கெடுவது 2024-ல் பெரிய விவகாரமானது. பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது.

கார்டு இல்லாமல் தொடங்கி, பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கிக்கொள்ளலாம். ரைசன் 5 8600ஜி, பழைய 5600ஜி மாதிரி ஜி-யில் முடியும் ப்ராசசர்களில் ஓரளவு கேம் ஆடக்கூடிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வேலரன்ட் நன்றாகவே ஓடும். இரண்டு ரேம் போடுவது இங்கே மிக முக்கியம். ஆனால் 8600ஜி-யில் எல்3 கேஷ் 16 எம்பி, 7600-ல் 32 எம்பி. பின்னால் நல்ல கார்டு வாங்கும்போது அந்தக் குறை தெரியும். ஆறு மாதத்தில் கார்டு வாங்குவது உறுதி என்றால் 7600-ஐயே வாங்கி, அதுவரை பொறுத்துக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி போதுமா?

1080பி-யில், போட்டி கேம்களுக்கு, இன்றைக்குப் போதும். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் படத் துல்லியம்) உச்சத்தில் வைத்தால் போதாது. மெமரி நிரம்பினால் கார்டு, பிசியின் ரேமில் இடம் கேட்கும். அந்தப் போக்குவரத்து மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக நடக்க வேண்டும், அது கார்டின் சொந்த மெமரியை விடப் பல மடங்கு மெதுவானது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகக் காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி சிக்கும்.

இங்கே யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் அந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டும் பயன்படுத்துபவை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்ற மெதுவான தலைமுறை மட்டும் உள்ள பழைய போர்டில் அவற்றைச் சொருகினால், மெமரி நிரம்பும் நேரத்தில் அடி இன்னும் பலமாக விழும். பழைய பிசியில் கார்டை மட்டும் மாற்றுபவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு இடம் கொடுத்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. இரண்டு கார்டுகளிலும் அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கிறது. பில்லில் "16 ஜிபி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோடு வருகிறது, ஆனால் ரீசைசபிள் பார் (ப்ராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தடவையில் அணுகும் வசதி) இல்லாத பழைய போர்டில் படுத்துவிடும். பழைய ப்ராசசரோடும் ஒத்துப்போகாது. பிளெண்டர், ஏஐ, வீடியோ எடிட்டிங் வேலையும் இருந்தால் என்விடியா பக்கம் போவதே நல்லது, பல மென்பொருள்கள் அதற்காகவே எழுதப்பட்டிருக்கின்றன.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? மைனிங் கார்டு என்று பயமுறுத்துகிறார்களே.

எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கைக் (நாணயத்துக்காகக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டுவதை) கைவிட்டபோது உலகம் முழுக்கக் கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டு செத்துவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கும், சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: "ஆர்எக்ஸ் 580, புதியது, சீல் பிரிக்காதது" என்று மலிவாக விற்கும் கார்டுகள். அவற்றில் பல 2048எஸ்பி வகை. உண்மையான ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஷேடர்கள் (கார்டின் சின்னக் கணக்கு அலகுகள்) இருக்க வேண்டும். 2048 இருந்தால் அது ஆர்எக்ஸ் 570-க்கு 580 என்று பெயர் வைத்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஷேடர் எண்ணிக்கை முதல் பக்கத்திலேயே தெரியும்.

விற்பவர் வீட்டிலேயே கால் மணி நேரமாவது ஒரு கனமான கேமை ஓட்டிப் பாருங்கள். புள்ளி, கோடு, திடீர்க் கறுப்புத் திரை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். "டிரைவர் பிரச்சினைதான் தம்பி" என்பார்கள். அப்படியே இருக்கட்டும், கார்டு அவரிடமே இருக்கட்டும்.

எந்த மதர்போர்டு?

7600-க்கு பி650 போதும், ஏ620-கூட ஓட்டும். எக்ஸ் என்று தொடங்கும் விலை கூடிய வரிசைக்குப் போக வேண்டாம். நான்கு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி சொருக இரண்டு எம்.2 ஸ்லாட், ப்ராசசருக்குப் பக்கத்தில் வோல்டேஜ் பகுதிமேல் ஹீட்சிங்க், இவை இருந்தால் சரி. ப்ராசசர் போர்டை விடப் புதிது என்றால் பயாஸ் அப்டேட் செய்யாமல் திரை வராது. வாங்கும் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

ரேம் விலை ஏன் இப்படி? எவ்வளவு போடுவது?

ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்படுவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குருசியல் பிராண்டையே கடைச் சந்தையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே போன வருட வீடியோவைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள்.

16 ஜிபி குறைந்தபட்சம், 32 வசதி. ஒன்றாகப் போடுவதை விட இரண்டாகப் போட்டால் மெமரிக்கு இரண்டு வழி திறக்கும், வேகம் கூடும். ஆனால் விலை இப்படி இருக்கும்போது டிடிஆர்5-ல் 16 ஜிபி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அதே மாடல் இன்னொன்றைப் பிறகு சேர்ப்பதிலும் தவறில்லை. ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது) என்பது நல்ல அளவு.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேமைப் போடும்போது, ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாவிட்டால் 6000 ரேம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஸ்எஸ்டி?

1 டிபி என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் சொருகும் வேகமான வகை), தெரிந்த பிராண்டு, ஐந்து வருட வாரண்டி. ஜென் 4 (நான்காம் தலைமுறை) போதும், ஜென் 5-ஐ விடக் கேமில் வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கில் கேம் போடும் காலம் போய்விட்டது.

எஸ்எம்பிஎஸ்-க்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

கொட்டேஷனில் "கேமிங் கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" என்று ஒரே வரியில் ஒளிந்திருக்கும் பாகம் இதுதான். மேலே பெரிதாக 500 வாட் என்று அச்சிட்டிருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள். ப்ராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட் லைனை. அதற்கு எதிரே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12×18, மொத்தம் 216 வாட். மீதி இந்த மெஷினுக்குப் பெரிதாகப் பயன்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கு. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ல் 12 வோல்டுக்கு எதிரே 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும்.

எவ்வளவு வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 5060 இழுப்பது 145 வாட், ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட். ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 300 வாட் தாண்டாது. திடீரென்று இழுக்கும் உச்சத்துக்கும், நாளைக்குப் பெரிய கார்டு போடவும் இடம் விட்டு 550 அல்லது 650 வாட் வாங்கலாம். 850 தேவையே இல்லை.

80 ப்ளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பவை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. பாகத்தின் தரத்துக்கான சான்று அல்ல. ஆனாலும் அந்தச் சான்றே இல்லாததை வாங்க வேண்டாம். ஐந்து வருடமாவது வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

யுபிஎஸ் கட்டாயமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே.

நம் ஊர் கரண்டுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட். மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது கரண்டு போனால் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ-க்குப் போங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் (வீட்டுக் கரண்டு மாதிரியே சீரான அலை தருவது) என்றால் அதுவே போதும். பல மாடல்களின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் பிசியை ஓட்ட வேண்டாம்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டதா?

பெரும்பாலும் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்-க்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரும்புப் பெட்டியில் மெயின்ஸில் பாதி அளவு வோல்டேஜ் நிற்கும். கரண்டு மிகச் சிறியது, ஆனால் வெறுங்காலோடு தொட்டால் கடிக்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள். செருப்பு போட்டுக்கொண்டு ஆடுவது தீர்வு அல்ல.

சென்னை வெயிலுக்கு லிக்விட் கூலர் வேண்டாமா?

வேண்டாம். எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோகாது. மே மாதம் அறை 36 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். 65 வாட் வகை (7600 மாதிரி) ப்ராசசருக்குக் கூடவே வரும் கூலர் போதும், சத்தம் பிடிக்காவிட்டால் டவர் மாதிரி ஏர் கூலர். முன்பக்கம் வலை போட்ட கேபினெட், முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. அலசக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் நல்லது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்து பக்கவாட்டிலும் காற்று நுழைய வழி இல்லாதது இந்த ஊருக்கு ஆகாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனா?

இரண்டையும் வைத்துப் பேசுங்கள். ஆன்லைன் விலையை போனில் எடுத்துக்கொண்டு, அண்ணா சாலை பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடையில் கொட்டேஷன் கேளுங்கள். மொத்தமாக எடுத்தால் இறங்கி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கொழும்புக்காரர்களுக்கு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா.

கொட்டேஷனில் "டிடிஆர்5 16 ஜிபி", "500 ஜிபி எஸ்எஸ்டி", "பி650 போர்டு" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, "அண்ணா, மாடல் பெயரும் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதத் தயங்கும் வரிதான் மாறப்போகும் வரி. ப்ராசசர் பாக்ஸா (கம்பெனிப் பெட்டியோடு), ட்ரேயா (பெட்டியில்லாமல் தனியாக) என்பதையும் எழுத வாங்குங்கள். ட்ரேயில் கூலர் வராது, வாரண்டியும் பல சமயம் கடையின் வாய்வார்த்தைதான்.

பில் போடாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்தோடு வாரண்டியும் போய்விடும். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், பெட்டியில் உள்ளதும் பாகத்தின் மேல் உள்ளதும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டிகளை மூன்று வருடம் பரணில் வையுங்கள்.

நானே அசெம்பிள் செய்ய முடியுமா?

ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரும் ஒரு மதியப் பொழுதும் போதும். ப்ராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். அழுத்தக் கூடாது, தானாக உட்காரும். ரேம் மட்டும் எதிர்மாறு, க்ளிக் என்று கேட்கும் வரை பயப்படாமல் அழுத்த வேண்டும். கேபினெட்டில் போர்டை வைக்கும் முன் அதைத் தாங்கும் பித்தளைக் கால்கள் சரியான ஓட்டைகளில் மட்டும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டு ஷார்ட் ஆகும். எல்லாரும் திட்டுவது பவர் பட்டன் ஒயர்களை. தனித்தனியாகச் சின்னச் சின்ன முனைகள், போர்டின் கீழ் ஓரத்தில் போகும். வரைபடம் மேனுவலில் இருக்கிறது.

எல்லாம் மாட்டியாயிற்று, ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை.

எச்டிஎம்ஐ கேபிளை போர்டில் சொருகியிருந்தால் கார்டுக்கு மாற்றுங்கள். போர்டின் இடது மேல் மூலையில் ப்ராசசருக்கான 8 பின் பவர் போட்டீர்களா? இரண்டும் சரி என்றால் கொஞ்சம் காத்திருங்கள். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ரேமோடு பழகிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை 2-ஆவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லையே?

விண்டோஸ் 60-லேயே விட்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே 144 காட்டவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் நல்லது.